சூடா, சில்லா

கண்ணை மூடியாச்சு. சிஸ்டர் மூடு என்றார், மூடிவிட்டேன், இனி அவரே சொல்கிறவரை திறக்கக்கூடாது, ஓரக்கண்ணால் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். மூடின கண்ணுக்குள் இருட்டு என்று யார் சொன்னது, எனக்குச் சிவப்பாக இருக்கிறது, ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுகிறது, சிவப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மெதுவாக நகர்கிறது, பார்க்கப் போனால் தள்ளிப் போகிறது, வென்னீர்த் தொட்டியில் மிதக்கிற பட்டுக்கூடு இப்படித்தான், விரல் கிட்டே போனால் விலகும். "பஞ்சால தொடுவேன். எங்க தொடறனோ அங்க உன் இன்னொரு கை வெரலால காட்டு. தெரியலன்னா சும்மா ஒக்காந்திரு. யோசிச்சு யோசிச்சு காட்டாத. புரிஞ்சுதா நதியா?" புரியாமல் என்ன, இது என்ன கணக்குப் பரீட்சையா, அதைத்தான் ரெண்டு தடவை எழுதிவிட்டு மூன்றாவது தடவை எழுதமாட்டேன் போ என்று பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன். முதலில் வலது கை. பஞ்சு மணிக்கட்டில் உட்காருகிறது, ஈ உட்கார்ந்த மாதிரி, காட்டுகிறேன். முழங்கைக்குக் கீழே, காட்டுகிறேன். கட்டைவிரல் அடியில், கூசுகிறது, சிரிப்பு வருகிறது, காட்டுகிறேன். வெளியே மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் ஒரு ஆள் கத்துகிறார், "போன வாரம் மஞ்ச மாத்திரை, இந்த வாரம் வெள்ளையா, என்னைய என்ன எலின்னு நெனச்சியா?" "யோவ், போன வாரம் வயித்தால போவுதுன்ன, இந்த வாரம் போவவே மாட்டேங்குதுன்ற. ரெண்டுக்கும் ஒரே மாத்திரையா குடுப்பாங்க?" வரிசை முழுக்கச் சிரிக்கிறது. அம்மா சிரிக்கவில்லை. அம்மா என் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறாள், பார்க்காமலே தெரியும், மல்பெரி இலை பறித்த கையின் பச்சை வாசம் அங்கேயிருந்துதான் வருகிறது. பஸ்ஸில் வரும்போதே காதுக்குள் சொல்லிவிட்டாள். அவங்க தொட்டா நான் கனைப்பேன், ஒடனே எடது கை தேமல் நடுவுல வெரல வெய்யி. சூடு, சில்லு வெச்சுப் பாப்பாங்க, அப்ப ஒரு கனைப்பு சூடு, ரெண்டு கனைப்பு சில்லு. "எதுக்கும்மா? இருக்கா இல்லையான்னு பாக்கத்தான போறோம்?" "இருக்குன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் ஒன்னும் கெடையாது. ஷெட்டுல சேக்கமாட்டாங்க, ஊருல ஒரு சொம்பு தண்ணிகூட..." முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாய மூடிக்கிட்டு சொன்னதச் செய்யி." வலது கை முடிந்தது. இப்ப எடது கை, என்கிறார் சிஸ்டர்.

அம்மா கனைத்தாள். கனைத்தாளா? ஆமாம், தொண்டையில் முள் மாட்டினால் வருகிற சத்தம், சின்னதாக ஒன்று. அப்படியென்றால் இப்போது என் இடது கைமேல் பஞ்சு இருக்கிறது. இருக்கிறதா, தேடுகிறேன், உள்ளுக்குள்ளிருந்து தேடுகிறேன், தோள்வரை இருக்கிறது, முழங்கை இருக்கிறது, அதற்குக் கீழே கொஞ்ச தூரம், அப்புறம் படி இல்லாத இடத்தில் காலை வைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. வலி இல்லை, மதமதப்புகூட இல்லை, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் விரல்கள் இருக்கின்றன, அசைத்தால் அசையும், காலையில்கூட அதே கையால்தான் தலை பின்னினேன். வலது கை ஆள்காட்டி விரல் தானாகத் தூக்கிக்கொண்டது, அம்மா சொன்ன இடத்துக்குப் போக, அதை மடியில் அழுத்தி வைத்தேன். ஏன் அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கைதான் என் கெட்டிக்காரக் கை. எங்கள் பட்டுநூல் எடுக்கிற ஷெட்டில் கேட்டுப் பாருங்கள். கொதிக்கிற தொட்டியில் கூடு வெந்து மிதக்கும், ஒவ்வொரு கூட்டிலும் நூலின் நுனியைப் பிடித்து எடுத்து ராட்டையில் சேர்க்கணும், நுனி தண்ணிக்குள் இருக்கும், கையும் தண்ணிக்குள் போய்த்தான் ஆகணும். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் பச்சைத் தண்ணி ஒரு கிண்ணம், சூட்டில் விடு, பச்சைத் தண்ணியில் விடு, சூட்டில் விடு, பச்சைத் தண்ணியில் விடு, நாள் பூராவும் அதுதான். புதுசாக வருகிறவள் முதல் வாரம் அழுவாள், விரலெல்லாம் வெளுத்து ஊறி ராத்திரி தூங்கமாட்டாள். நானும் அழுதேன். அப்புறம் ஒரு நாள் அழவில்லை. இடது கை தண்ணிக்குள்ளேயே இருந்தது, கிண்ணம் தொடாமல் அப்படியே இருந்தது, அதில் ஒரு ஈ செத்து மிதந்தது. பக்கத்துத் தொட்டி மாதம்மா அக்கா பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டது. "ஏ, இங்க வந்து பாருங்கடி, நேத்து வந்தவ கை பழகிடுச்சு, எனக்கு ஒன்ற வருஷம் ஆச்சு! இவ இதுக்குன்னே பொறந்தவ." முதலாளிகூட புதுப் பெண்களை என் தொட்டிக்கு அழைத்து வந்து, இந்தப் பொண்ணு கையப் பாரு, பயம் இருக்கா பாரு, என்பார். பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன், ஒருத்தரும் என்னைக் காட்டி இப்படிப் பார் என்று சொன்னதில்லை. அதனால் எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் எதற்கு, ரொம்பப் பெருமையாக இருந்தது, பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாக விடுவேன். தண்ணிக்குள் அந்தக் கை வேலை செய்வதை நானே பார்ப்பேன், ஆவிக்குக் கீழே, பழுப்புத் தண்ணியில், வெளுத்துப்போன அஞ்சு விரல் சுறுசுறுப்பாக நுனி தேடும், யாரோ கீழேயிருந்து கையை மட்டும் நீட்டி எனக்காக வேலை செய்கிற மாதிரி. ஒரு தடவை நினைத்தேன், நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாலும் இது இங்கேயே எடுத்துக்கொண்டிருக்கும் என்று. அம்மா மறுபடி கனைக்கிறாள்.

மறுபடி. இந்த முறை கொஞ்சம் சத்தமாக. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்கிறார் சிஸ்டர். "இல்லீங்க சிஸ்டர், தூசு." பஞ்சு எங்கே இருக்கும்? நடுவிலா, ஓரத்திலா, சுண்டுவிரலிலா? இப்போது ஒரு கோளாறு ஆரம்பித்துவிட்டது, தொடாத இடத்திலெல்லாம் தொடுகிற மாதிரி இருக்கிறது. கழுத்தில் ஒன்று. காதுக்குப் பின்னால் ஒன்று. முட்டியில் ஒரு விரல் வைத்து எடுத்த மாதிரி. சிஸ்டர் ஒருத்தர்தான், அவருக்கு ரெண்டு கைதான், இதெல்லாம் யார். கூட்டுக்குள் புழுவும் இப்படித்தான் கிடந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு, வெளியே என்னவோ தொடுகிறது என்று, தொடுகிறது வென்னீர் என்று தெரிவதற்குள் வெந்துவிடும். நூலெல்லாம் எடுத்த பிறகு தொட்டி அடியில் அது கறுத்துச் சுருண்டு கிடக்கும், அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் ரெண்டு தண்ணிக்குப் போகாது. நாற்றம் என்றதும் உப்பு ஒத்தடம் ஞாபகம் வருகிறது. தேமல் வந்தது போன தை மாசம், அப்பளம் அளவு, மணிக்கட்டுக்குக் கீழே சுண்டுவிரல் பக்கம், வெளுத்து. ஷெட்டு ஆவியில் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும், அது மட்டும் காய்ந்து கிடக்கும். அம்மா சொன்னாள், சூடு, நாளெல்லாம் வென்னில கெடந்தா சூடு ஏறாம என்ன பண்ணும், சூட்டுக்குக் குளிர்ச்சிதான். மோர், வெந்தயம், கத்தாழைச் சோறு, சந்தனம், என்னைத் தினமும் குளிரக் குளிர முழுக்கிவிட்டாள், சளிதான் பிடித்தது. தேமல் பெரிசானது. அப்புறம் மாதம்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, குளிர்ச்சி ஏறிப்போச்சுடி, சூட்டை வெச்சு இழுக்கணும் என்றது. சரி, குளிர்ச்சிக்குச் சூடு. கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி அம்மா என் கையில் வைத்தாள். சுடுதா? இல்ல. மறுபடி வறுத்தாள். சுடுதா? இல்லம்மா. இன்னும் வறுத்தாள், உப்பு வெடித்தது, துணி ஓரம் கருகியது. சுடுதாடி? இல்லைன்னுதான சொல்றேன், எத்தினி தடவ கேப்ப. அப்போது நாற்றம் வந்தது. துணியிலிருந்து என்று நினைத்தேன், ஷெட்டு நாற்றம் மாதிரியே இருந்தது. எடுத்துப் பார்த்தால் தோல் வெந்து, கொஞ்ச நேரத்தில் பெரிய கொப்பளம், உள்ளே தண்ணி, அதைத் தட்டிப் பார்த்தேன், ஆடியது, வேறு யாருடைய கொப்பளமோ மாதிரி. எனக்கு ஆச்சரியம். அம்மா முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, கொப்பளம் இல்லை. அம்மா அந்த நாற்றத்தை ஏற்கெனவே மோந்தவள்.

தீர்த்தகிரி மாமாவை நான் பார்த்ததில்லை. அம்மாவோட அண்ணன், நான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போனார். கிணற்றடி மோட்டார் ரூமில்தான் வைத்திருந்தார்கள், அம்மாதான் சோறு கொண்டுபோய்க் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாளாம், அவர் பீடி குடித்தால் நெருப்பு விரல்வரை வந்து விரலையும் தின்னுமாம், அவர் பேசிக்கொண்டே இருப்பாராம், நாற்றம் வந்தபிறகு அம்மாதான் சொல்லணுமாம், அண்ணா, பீடியப் போடு. ஒரே ஒரு தடவை சொன்னாள், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மழைக்கு ஒதுங்கின இடத்தில். அப்போது இன்னொன்றும் சொன்னாள், மறந்துபோனது இப்போது வருகிறது. முதலில் மாமாவுக்கும் வெறும் தேமல்தானாம். இந்த நோய் இருக்கா என்று வீடு வீடாகப் பார்க்கிற ஆள் வந்தாராம், கோழி இறகை வைத்துத் தொட்டுப் பார்ப்பாராம், மாமா எல்லாத்துக்கும் தெரியுது, தெரியுது என்று சொன்னாராம். அந்த ஆள் சரி போ என்று போய்விட்டாராம். கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சரியாகச் சொன்னார்? இத்தனை வருஷம் நான் அதைக் கேட்கவே இல்லை. அம்மா கனைக்கிறாள், சின்னதாக, முள் மாட்டின மாதிரி, சரியான நேரத்தில், ரொம்பப் பழகின கனைப்பு. இது இன்றைக்குப் பஸ்ஸில் கண்டுபிடித்தது இல்லை. பாவாடை கட்டின ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று கனைத்திருக்கிறாள், அண்ணனைக் காப்பாற்றுகிறோம் என்று, அப்புறம் அவளே தூக்குவாளியில் சோறு கொண்டுபோயிருக்கிறாள். அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கிறது. கண்ணைத் திறக்கக்கூடாது. சிவப்பு கொஞ்சம் மங்கிப்போனது, மேகம் போல, இல்லை யாரோ ஜன்னலை மறைத்து நிற்கிறார்கள்.

"பஞ்சு போதும். இப்ப ரெண்டு குழாய். ஒன்னுல சுடுதண்ணி, ஒன்னுல ஐஸ் தண்ணி. எதை வெச்சேன்னு சொல்லணும், அவ்ளோதான்," என்கிறார் சிஸ்டர். கண்ணாடி டங்கென்று மோதுகிறது. வலது கையில் வைத்தார். சூடு. அடுத்தது, சில்லு. சூடு. சில்லு, சில்லு. அய்யோ, எவ்வளவு சுலபம், யாரைக் கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இப்ப எடது. சூடா, சில்லா? நான் காத்திருக்கிறேன். அம்மா ரெண்டு தடவை கனைக்கிறாள். ரெண்டு கனைப்பு சில்லு. வாய்க்குள் சொல் தயாராக இருக்கிறது, நாக்கு நுனியில், சொன்னால் சரியான விடை, சிஸ்டர் கரெக்ட்டு என்பார். ஆனால் சில்லென்று இல்லையே. சூடாகவும் இல்லை. காலையில் டாக்டரம்மா என் முழங்கைக்குப் பின்னால் அழுத்திப் பார்த்து, நரம்பு கயிறாட்டம் தடிச்சிருக்கு என்றுவிட்டு, கையில் என்னென்ன போட்டீங்க என்று கேட்டார். அம்மா மோரிலிருந்து உப்பு வரைக்கும் சொன்னாள். டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "நாங்களும் அதாம்மா செய்யறோம். காச்சலுக்குத் தணிக்கறது, வீக்கத்துக்கு வத்த வெக்கறது, கிருமின்னா கொல்றது. எல்லாம் எதிரா குடுக்கறதுதான். ஆனா எதுக்கு எதிரான்னு மொதல்ல பாக்கணும்ல? நீங்க பாக்காமயே குடுத்துட்டீங்க." நான் கேட்டேன், மரத்துப்போனதுக்கு எதிரா என்ன குடுப்பீங்க? அவர் என் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "புதுசா மரத்ததுன்னா நரம்பு வீக்கத்த வத்தவெச்சு முயற்சி பண்ணுவோம், திரும்பலாம். ரொம்ப நாள் ஆயிட்டா அதுக்கு எதிர் மருந்துன்னு ஒன்னு இல்ல. அதனாலதான் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு கத்தறோம்." சூட்டுக்கு எதிர் குளிர்ச்சி. குளிர்ச்சிக்கு எதிர் சூடு. ஒன்றுமே இல்லாததுக்கு எதிர் என்ன? எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறது, நுனி கிடைக்காத கூட்டைத் தொட்டியில் உருட்டுகிற மாதிரி உருட்டுகிறேன், நுனி கிடைக்கவில்லை. அம்மா மறுபடி ரெண்டு கனைக்கிறாள். இப்போது அது கனைப்பு மாதிரி இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, உள்ளே யாரும் இல்லாத ரூமின் கதவை. நான் சில்லு என்று சொன்னால் மாமாவுக்கு அப்புறம் அந்த ரூமுக்குள் நான்தான் இருப்பேன். "தெரியல," என்கிறேன். சத்தமாகவே வந்துவிட்டது. "சிஸ்டர், எதையாவது வெச்சிருக்கீங்களா? வெச்சிருந்தீங்கன்னா எனக்குத் தெரியல. அம்மா, கனைக்காத. போதும்."

ஒரு குழாயைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சிஸ்டர், கண்ணைத் தொற, என்றார். வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. என் இடது கையில் நீலப் பேனாவால் ஒரு கோடு, தேமலைச் சுற்றி, தேமலையும் தாண்டி, சுண்டுவிரலின் நகம்வரை போய்த் திரும்பி வந்திருந்தது. பட்டா நிலத்துக்கு எல்லை போட்ட மாதிரி. எப்போது போட்டார், பேனா முனை தோலில் கீறிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, நான் புழுவையும் மாமாவையும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு குழாய் இன்னும் கோட்டுக்குள் சாய்ந்து நின்றது, வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அம்மா சொன்னது சரிதான், சில்லு. டாக்டரம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடுவில் ஒரு காகிதத்தை வைத்துப் பிடி பார்க்கலாம் என்று இழுத்தார், காகிதம் அவரோடு போகவில்லை. அவர் முகம் கொஞ்சம் லேசானது. "வெரல் இன்னும் கோணலா மடங்கிப்போகல. நல்ல நேரத்துல வந்த. தொழுநோய்தான், பேர் கேட்டு பயப்படாத, மாத்திரையை விடாம சாப்பிட்டா கிருமி செத்துரும், ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே யாருக்கும் ஒட்டாது. ஆனா இந்தக் கை இனிமே வென்னில போகக்கூடாது." "அப்ப ஷெட்டு?" "வேற வேலை கேளு. ராட்டை சுத்தறது, அந்த மாதிரி." அவ்வளவுதான், என் கெட்டிக்காரத்தனம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். மாதம்மா அக்கா மேலா. என்னைப் பார், என் கையைப் பார் என்று ஆழமாக ஆழமாக விட்டேனே, அந்த நான் மேலா. "வூட்டுல யார் யார்?" என்றார் டாக்டரம்மா. நானும் அம்மாவும்தான். "அப்ப அம்மாவையும் இப்பவே பாத்துருவோம். ஒக்காருங்கம்மா." "எனக்கு ஒன்னுமில்லீங்க டாக்டர், காட்டு வேலை கெடக்கு, பஸ்ஸு போயிரும்." "ஒக்காரும்மா," என்றேன் நான். அப்படி நான் அம்மாவிடம் பேசினதே இல்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்தாள், சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். சிஸ்டர் குனிந்து சேலையைக் கணுக்காலுக்கு மேலே நகர்த்தினார், கண்ணை மூடிக்கங்கம்மா என்றுவிட்டுப் புதுப் பஞ்சு எடுக்க அலமாரிப் பக்கம் போனார்.

அம்மா கண்ணை மூடினாள். உடனே கையை நீட்டி, "இங்க," என்றாள், வலது கணுக்காலைக் காட்டி. சிஸ்டர் அலமாரியில் இருந்தார். "இங்க," என்றாள் அம்மா, இப்போது முழங்கால். "இங்க தொடறீங்க. இப்ப பாதத்துல. இங்க." முகத்தில் சின்னதாகச் சிரிப்பு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, தப்பில்லாமல் சொல்கிறேனா என்கிற மாதிரி. அம்மாவுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "இங்க. இங்க சிஸ்டர். எனக்கு எல்லாம் தெரியுது." அம்மாவின் கை வெறும் காற்றைத் துரத்திக்கொண்டு காலெல்லாம் அலைந்தது, யார் தொடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த அறையில் நான் பார்க்காத யாரோ குனிந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அம்மாவின் இடது பாதத்தை வலது கையால், என் நல்ல கையால், இறுக்கிப் பிடித்தேன். வெடிப்பு, மண், கெட்டியான குதிகால், பெருவிரலுக்குக் கீழே ஆறாத ஒரு புண். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தேன். அம்மாவின் கை அலைவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்து, ஒரு கனைப்பை எதிர்பார்க்கிற மாதிரி காது கொடுத்தாள். அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "நதி எங்க சிஸ்டர், வெளிய போயிட்டாளா?" என்றாள்.